அழுதவர்கள் கேட்ட கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'தொலைக்காட்சியும் சமுதாயமும்'. அதை முழுசாகப் பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஆகவே ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுதவர்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். 'நாடகம் பாத்து அழுகாளே' என்று நாம் கேலி செய்த நம் ஆச்சிமார், அத்தைமார், வெளியே சொல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்ட அண்ணாச்சிமார், எல்லோரும் இதில் அடக்கம்.

மாணவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடர் தூர்தர்ஷனில் 1987 ஜனவரி 25ஆம் தேதி தொடங்கி, 1988 ஜூலை 31ஆம் தேதி ராமர் பட்டாபிஷேகத்தோடு முடிந்தது. மொத்தம் 78 பகுதிகள். முதலில் திட்டமிட்டது 52தான், மக்கள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை 9.30 மணி ஆனால் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. மொட்டை மாடியில் ஒருத்தன் ஆன்டெனாவைத் திருப்ப, கீழேயிருந்து 'தெரியுது, தெரியுது... ஏல போயிருச்சு, பழைய எடத்துக்கே திருப்பு' என்று குரல் வரும். டி.வி. இருந்த வீடு அன்றைக்கு எல்லோருக்கும் சொந்த வீடு. வடக்கே குளித்து, பெட்டிக்கு மாலை போட்டு, ஊதுவத்தி கொளுத்திவிட்டுத்தான் உட்காருவார்களாம். நம்ம பக்கம் மாலை கொஞ்சம் குறைவு. செருப்பை வாசலில் கழற்றிப் போட்டது மட்டும் உண்மை.

தொடரோ இந்தியில். கூடியிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு வார்த்தை விளங்காது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. கதைதான் தெரியுமே! பத்திரிகை விமர்சகர்கள் 'இவ்வளவு மெதுவாகவா எடுப்பது?' என்று குறை சொன்னார்கள். ஒரு முகத்தையே காமிரா நிமிஷக்கணக்கில் காட்டுகிறது என்றார்கள். பிலிப் லட்கெண்டார்ஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1990இல் எழுதிய கட்டுரை இதற்குப் பதில் சொல்கிறது. கோயிலில் சாமியைக் கண்ணோடு கண் பார்க்கிறோம் அல்லவா, அந்தத் தரிசனத்தைத்தான் காமிரா கொடுத்தது என்பது அவர் கருத்து. எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆனால் முழுசாக அல்ல. மெதுவாகப் போனதால்தான் பார்த்தவர்களுக்குத் தங்கள் நினைப்புக்குப் போய்வர நேரம் கிடைத்தது.

தசரதன் சாகும் வாரம் எங்கள் தெருவில் ஒரு ஆச்சி விம்மி விம்மி அழுதார்கள். கதையில் தசரதனுக்குப் பழைய சாபம் ஒன்று உண்டு. கண் தெரியாத பெற்றோரின் ஒரே பிள்ளையைத் தெரியாமல் அம்பெய்து கொன்றவன் அவன். 'நீயும் பிள்ளையைப் பிரிந்த துக்கத்தில் சாவாய்' என்று அவர்கள் சபித்துவிட்டார்கள். ஆச்சியின் மூத்த மகன் பிழைப்புக்குப் பம்பாய் போனவர். அங்கேயே இறந்து, அங்கேயே எரித்து, தந்திதான் வந்தது. சின்னப் பையன்கள் நாங்கள் சிரித்தோம். ஆச்சி எங்களைத் திட்டவில்லை. 'தசரதனுக்கு மகன் மூஞ்சியப் பாக்காம உசுரு போச்சு. எனக்குப் பாக்காமலே உசுரு நிக்கு' என்றார்கள். அந்த அழுகையில் தசரதனுக்குப் பங்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாபநாசத்துக்காரர்களுக்கு இது புதுசாக இருக்கக் கூடாது. செத்தவர்களை நினைக்க நாள் குறித்து வைத்திருக்கிற ஊர் நம் ஊர். ஆடி அமாவாசை அன்று பாபநாசநாதர் கோயில் படித்துறையில் நின்று பாருங்கள். தாமிரபரணியில் எள்ளும் தண்ணீரும் விடுகிற கூட்டத்தில் எத்தனை பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பெயர் சொல்லும் இடத்தில் தொண்டை அடைத்து நிற்கிறார்கள்! துக்கத்துக்கு ஒரு இடமும் நேரமும் பக்கத்தில் நாலு பேரும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை 9.30 மணி கொஞ்ச காலம் அந்த வேலையைச் செய்தது.

இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் காரையாறு, சொரிமுத்தையனார் கோயில். அங்கே பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்புகளைக் காணிக்கையாகப் போட்டிருப்பார்கள். கோயிலுக்குள்ளே செருப்பா என்று வெளியூர்க்காரர்கள் மிரளுவார்கள். நம்மில் பலருக்குக் காரணம் தெரியும். பட்டவராயன் என்பவர் வில்லுப்பாட்டில் வருகிற முத்துப்பட்டன். பிராமண வாலிபன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர் மேலும் ஆசை வைத்தவன். பெண்ணின் தகப்பனார் லேசுப்பட்டவரா? 'குடுமியை அறு, பூணூலைக் கழற்று, செருப்புத் தைத்துக் காட்டு, அப்புறம் பெண் கேள்' என்கிறார். அவன் செய்கிறான். கல்யாணம் நடக்கிறது. அன்று இரவே மாட்டைக் களவாட வந்தவர்களோடு சண்டைக்குப் போய், ஜெயித்துவிட்டு வரும்போது ஒளிந்திருந்த ஒருவன் கையால் குத்துப்பட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் சிங்கம்பட்டி ஜமீனிடம் அனுமதி கேட்டுத் தீயில் இறங்குகிறார்கள். மூன்று பேரும் தெய்வமாகிறார்கள்.

கொடைக்கு வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று தெரியும். அதுவரை வெற்றிலை போட்டுக்கொண்டு, பிள்ளையை மடியில் தட்டிக்கொண்டு இருக்கிற கூட்டம், சாவு பாடும் கட்டம் வந்ததும் நிமிர்ந்து உட்காரும். உடுக்கை வேகமெடுக்கும். குலவை எழும். கோமரத்தாடி மேல் சாமி வரும். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்பவர் நம் தென்கோடியில் தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் ஒரு புத்தகம் போட்டார். மனிதனாகப் பிறந்து அநியாயமாகச் செத்துத் தெய்வமானவர்களின் கதையில்தான், அதிலும் சாவைப் பாடும் நேரத்தில்தான், சாமி வருவது உச்சம் அடைகிறது என்பது அவர் கண்டது. அதாவது நம் ஊர் வழக்கத்தில் துக்கம்தான் சாமி வரும் வாசல். டி.வி. பெட்டிக்கு ஊதுவத்தி கொளுத்தியதைப் பார்த்துப் 'படிக்காத ஜனம்' என்று எழுதியவர்கள் ஒரு கொடைக்காவது வந்திருக்கலாம்.

இதுவரை நான் சொன்னது அழுதவர்கள் பக்கம் வக்காலத்து. இனி கொஞ்சம் குறுக்கு விசாரணை.

முத்துப்பட்டன் கதையைச் சேகரித்துப் பதிப்பித்தவர் நமது நாங்குநேரிக்காரர் பேராசிரியர் நா. வானமாமலை. அவர் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். கதையின் ஒரு வடிவத்தில், பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்களே, காட்டில் விடப்பட்ட குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று வருகிறது. பார்த்தீர்களா, எவ்வளவு நயமாக முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்! சாமி சாமியாகவே இருக்கும், சாவு சாவாகவே இருக்கும், அழுகிறவர்கள் அழலாம். ஆனால் பட்டன் சாதி விட்டுக் கல்யாணம் செய்த சங்கடம் மட்டும் காணாமல் போய்விடும். அவன் குடுமியை அறுத்ததற்கு அப்புறம் அர்த்தம் என்ன? கதை கேட்கிறவர்களில் கை ஓங்கியவர்களுக்கு எது உறுத்துமோ, அது மாறிவிடுகிறது.

டி.வி. தொடரிலும் அதுதான் நடந்தது. அக்கினிப் பிரவேசம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பன் அங்கே தாட்சண்யம் பார்க்கவில்லை. ராமன் சீதையைச் சுடுசொல் சொல்கிறான், அவள் தீயில் இறங்குகிறாள், அவள் கற்பின் சூட்டில் தீக்கடவுளே வெந்து அலறுகிறான். படிக்கிறவனுக்கு ராமன் மேல் கோபம் வரும். வரட்டும் என்று விட்டுவிட்டான் கம்பன். சாகர் துளசிதாசர் வழியில் போனார். இராவணன் தூக்கிப் போனது நிழல் சீதை, நிஜ சீதை அக்கினியிடம் பத்திரமாக இருந்தாள், அவளைத் திரும்பப் பெறத்தான் தீ. சந்தேகமும் இல்லை, அவமானமும் இல்லை. பார்த்தவர்கள் நிம்மதியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இதற்கு நேர் எதிராக ஒரு சம்பவம். பட்டாபிஷேகத்தோடு தொடர் முடிகிறது என்றதும் 1988இல் ஜலந்தரிலும் வடக்கே வேறு சில ஊர்களிலும் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தெருவில் குப்பை மலை. கோரிக்கை சம்பள உயர்வு அல்ல. உத்தர ராமாயணத்தையும் எடுக்க வேண்டும் என்பதுதான்! அவர்கள் வால்மீகியைத் தங்கள் குலகுருவாக வணங்குகிறவர்கள். ராமனால் விலக்கப்பட்ட சீதைக்கு வால்மீகி தன் ஆசிரமத்தில் இடம் கொடுத்து, அவள் பிள்ளைகள் லவ குசர்களுக்குக் கல்வி கொடுக்கிற பகுதி உத்தர காண்டத்தில்தான் இருக்கிறது. அதை வெட்டினால் எங்கள் குருவை வெட்டியதாக அர்த்தம் என்றார்கள். அரசாங்கம் இறங்கி வந்தது. உத்தர ராமாயணமும் ஒளிபரப்பானது.

இந்தச் செய்தியை அந்தக் காலத்தில் ஜோக்காகத்தான் சொல்லிச் சிரித்தார்கள். என் கணக்கில், இந்திய டி.வி. பார்வையாளர்கள் செய்த மிகப் புத்திசாலித்தனமான விமரிசனம் இதுதான். எல்லோரும் மகிழ்ச்சியான முடிவு கேட்டுச் சண்டை போடுவார்கள். இவர்கள் துக்கத்தைக் கேட்டுச் சண்டை போட்டார்கள். சீதை மறுபடி காட்டுக்குப் போன துக்கத்தை மறைக்காதே என்றார்கள். நம் தமிழ் வழக்கமும் பட்டாபிஷேகத்தோடு நிறுத்துவதுதான். கம்பன் அதற்கு மேல் பாடவில்லை. தமிழ் உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பேரில் சொல்லுவார்கள். பட்டாபிஷேகப் படம் வைத்துக் கும்பிடுகிற வீடுகள் ஏராளம். லவ குசர் படம் வைத்த வீட்டை நான் பார்த்ததில்லை.

பார்வையாளர்கள் கேட்டதெல்லாம் நியாயம் என்றும் சொல்ல மாட்டேன். பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' தொடருக்கு ராஹி மாசூம் ராஜா வசனம் எழுதுகிறார் என்றதும், 'ஒரு முஸ்லிமா எழுதுவது?' என்று கடிதங்கள் வந்தன. அவர்தான் எழுதினார், ஜனங்கள் அதைத்தான் ரசித்தார்கள். இன்னொரு பக்கம், 1991 தேர்தலில் சீதையாக நடித்த தீபிகாவும், இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் ஒரே கட்சியில் நின்று எம்.பி. ஆனார்கள். வால்மீகிக்கே தோன்றாத கூட்டணி! சிரிப்பு ஒருபுறம் இருக்க, நம்பிக்கையும் கண்ணீரும் ஓட்டாக மாறும் என்று அன்றைக்கே சிலர் கணக்குப் போட்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மாணவர்கள் கேட்கலாம், இதெல்லாம் எங்கள் காலத்துக்கு என்ன சார் என்று. 2020 மார்ச் 28ஆம் தேதி, ஊரடங்கு தொடங்கிய சில நாட்களில், தூர்தர்ஷன் அதே தொடரை மறுபடி போட்டது. ஏப்ரல் 16ஆம் தேதி ஒரு நாள் மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாக அறிவித்தார்கள். உலக சாதனை என்றார்கள், சிலர் மறுத்தார்கள். அந்தச் சண்டை எனக்கு வேண்டாம். அந்த ஆண்டில் சாவு வீட்டுக்குப் போக முடியவில்லை, சொந்தத் தகப்பனுக்குத் தோள் கொடுக்க முடியவில்லை. காரையாறு ஆடி அமாவாசைத் திருவிழாவும் நடக்கவில்லை. அழ வேண்டிய இடங்களெல்லாம் பூட்டிக் கிடந்த நேரத்தில் தசரதன் மறுபடி செத்தான். ஆனால் இந்தத் தடவை அவரவர் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. தெருவே ஒரு பெட்டி முன்னால் இல்லை. இப்போது அதுவும் போய், ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன், காதில் ஒரு ஒயர். பக்கத்தில் இருப்பவர் எதற்கு அழுகிறார் என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரிவதில்லை.

தமிழ்த்துறை மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டு ஆச்சி, தாத்தாவிடம் எந்தத் தொடரில் எந்த இடத்தில் அழுதார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லுகிற பாஷையிலேயே எழுதி வையுங்கள். திருத்தாதீர்கள். அடுத்த கொடைக்கு வில்லுப்பாட்டுக்காரர் வந்தால், பொம்மக்கா திம்மக்காவின் பிறப்பை அவர் எப்படிப் பாடுகிறார் என்று கவனித்துக் குறியுங்கள். இரண்டு விதமாகவும் பாடத் தெரிந்தவராக இருந்தால், எந்த ஊரில் எதைப் பாடுவார் என்று மெதுவாகக் கேளுங்கள். நல்ல காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், சொல்லுவார்.