கையில் தொழில் இருக்கிறது, காகிதம் இருக்கிறதா?

(நம் சங்கத்தின் தாராவிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ அம்மன் கொடை நடந்தாலும், பொங்கல் விழா நடந்தாலும், தேர்தல் கூட்டம் நடந்தாலும், முதலில் வந்து கடைசியில் போகிறவர்கள் நம் மைக் செட்டுப் பையன்கள். பெட்டி தூக்கியவன் வயர் இழுக்கக் கற்றான். வயர் இழுத்தவன் மிக்சர் முன்னால் உட்கார்ந்தான். பள்ளிக்கூடம் சொல்லித் தராத தொழிலைக் காதால் கற்றவர்கள் இவர்கள்.

இவர்களிடம்தான் இப்போது ஏஜெண்டுகள் வருகிறார்கள். "டிரினிடாடு போ, ஜமைக்கா போ, அங்கே எந்நேரமும் பாட்டும் ஆட்டமும்தான், சவுண்டு எஞ்சினியர் வேலை, டாலரில் சம்பளம்" என்கிறார்கள். மகனை அனுப்ப நகையை அடகு வைக்கலாமா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லவே இந்தப் பேச்சு.

கடல் கடப்பது நமக்குப் புதிதல்ல. 1838 முதல் 1917 வரை கயானாவுக்கு மட்டும் சுமார் 2,39,000 இந்தியர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டு போகப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறினார்கள். சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. குவாதலூப்புக்கு 1854 முதல் பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் போனார்கள். படிக்கத் தெரியாத காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டார்கள். அவர்கள் கொண்டு போன தப்பு இன்றும் கயானாவில் மாரியம்மன் வழிபாட்டில் ஒலிக்கிறது. ஓசை பிழைத்தது, அந்தக் கூலிகள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது!

அந்த மண்ணில் தொழில் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? இல்லை. டிரினிடாடில் 1880-களில் வெள்ளை ஆட்சி ஏழைகளின் தோல் மேளத்துக்குத் தடை போட்டது. பின்னாளில் அந்த ஏழைகளின் பிள்ளைகள் எண்ணெய் டிரம்மைத் தட்டி ஸ்டீல் பேன் என்ற வாத்தியத்தையே படைத்தார்கள். பறையை இழிவென்று சொல்லக் கேட்ட நமக்கு இந்தக் கதை புரியும். ஜமைக்காவின் கிங் டப்பி ரேடியோ ரிப்பேர்க்காரர். சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் கட்டி, மிக்சரையே வாத்தியமாக்கி, 'டப்' என்ற இசை வகைக்கு வழி போட்டார். நம் பையன்களைப் போன்றவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள் தோழர்களே!

'கரிகாம்' கூட்டமைப்பு நாடுகளின் இசைக் கலைஞர்களும் ஊடகத் தொழிலாளர்களும் திறன் சான்று பெற்றால், தங்களுக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பர்மிட் இல்லாமலே வேலைக்குப் போகலாம். நமக்கு அந்த உரிமை கிடையாது. டிரினிடாடில் வெளிநாட்டார் 30 நாளுக்கு மேல் வேலை செய்யப் பர்மிட் வேண்டும். அதற்கு வேலை கொடுப்பவர் விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் இறக்கிவிட்டு "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால், அவன் பிடி முதலாளி கையில். பேசிய கூலி வராவிட்டாலும் வாய் திறக்க முடியாது. பழைய கைநாட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆகவே, பணம் கட்டுமுன் நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: பர்மிட் எங்கே? முதலாளி பெயர், சம்பளம், வேலை நேரம் எழுதிய ஒப்பந்தம் எங்கே?

இரண்டு: எந்த டாலர்? ஜமைக்கா டாலரும் கயானா டாலரும் நம் ஒரு ரூபாய்க்கும் குறைந்தவை. அமெரிக்க டாலர் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

மூன்று: எத்தனை மாத வேலை? டிரினிடாடில் கார்னிவல் பிப்ரவரி, மார்ச்சை ஒட்டி வருகிறது. பருவம் முடிந்தபின் சம்பளம் உண்டா?

நான்கு: ஏஜெண்டு 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா? வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் பட்டியலில் பார்க்கலாம். அவர் வாங்கும் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்ச வரம்பு. ரசீது கேளுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். அந்தப் பட்டியலில் கரீபியன் நாடு ஒன்றுகூட இல்லை. அதாவது, உங்கள் ஒப்பந்தத்தை அரசு அதிகாரி யாரும் வாங்கிப் பார்க்கப் போவதில்லை. நாம்தான் பார்த்தாக வேண்டும்!

1966-க்குப் பிறகு இதே நகரில் 'மண்ணின் மைந்தர்' முழக்கத்தைக் கேட்டு வாழ்ந்தவர்கள் நாம். அந்நாட்டுத் தொழிலாளியின் கூலியை உடைக்க நம்மைக் கொண்டுபோய் இறக்கினால், அவன் கோபம் முதலாளி மேல் பாயாது. நம் பிள்ளை மேல் பாயும். உள்ளூர்க்காரனுக்குச் சமமான கூலி என்றால் போவோம். குறைந்த கூலிக்குப் போக மாட்டோம். அதுவே தொழிலாளிக்கு அழகு.

அப்படியானால் போகவே கூடாதா? நாம் அப்படிச் சொல்லவில்லை. தகுதியோடு போகச் சொல்கிறோம். தாராவியில் படமெடுத்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' 2009-இல் ஒலிக்கலவைக்கு ஆஸ்கார் பெற்றது. அதைப் பெற்றவர்களில் ஒருவரான கேரளத்தின் ரசூல் பூக்குட்டி, புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர். காதோடு கல்வியும் சேர்ந்தது. அத்தனை படிப்புக்கு வசதியில்லாதவர்கள், முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசின் திறன் திட்டத்தைப் பயன்படுத்தலாம். செய்த நிகழ்ச்சிகளின் பட்டியலையும் பதிவுகளையும் சேர்த்து வையுங்கள். மின்சாரம்கூட அங்கே வேறு: டிரினிடாடில் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே கட்டிய பெட்டியை அப்படியே அங்கே சொருகினால் ஓடாது.

போகிறவர்களின் ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துச் சொல்லவும், பாஸ்போர்ட்டு நகலைக் காப்பில் வைக்கவும், போர்ட் ஆஃப் ஸ்பெயின், கிங்ஸ்டன், ஜார்ஜ்டவுன் நகரங்களிலுள்ள இந்தியத் தூதரகங்களுக்கு எழுதவும் நம் சங்கம் ஒரு குழு அமைக்க வேண்டும் என்று முன்மொழிகிறோம். தாய்மார்களே, அந்தக் குழு காகிதத்தைப் பார்க்கும் வரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.