கைத்தொழிலுக்குக் காவல் எழுத்தே



களவு என்றவுடன் பூட்டை உடைப்பதே நம் நினைவுக்கு வருகிறது. பூட்டைத் தொடாமலே ஒருவன் கண்ட வேலைப்பாட்டையும் ஈட்டிய நற்பெயரையும் கவர்ந்து செல்லும் களவும் உண்டு. நிலமும் நகையும் இல்லாத நம்மிடம் திருட என்ன இருக்கிறது என்று எண்ணுதல் தவறு. தலைமுறைகளாகக் கைகளில் தங்கிய தொழிலறிவும் சொத்தே. சட்டம் அதனை அறிவுசார் சொத்து என்கிறது.

கோலாப்பூர்ச் செருப்பை எடுத்துக்கொள்வோம். கருவேலம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டு, ஆணியின்றித் தோல் நூலாலேயே தைப்பது அதன் மரபு. அதனைச் செய்வோருள் மிகப் பலர் மராட்டிய, கன்னட மாநிலங்களின் ஒடுக்கப்பட்ட மக்கள். 1902ஆம் ஆண்டிலேயே பிற்படுத்தப்பட்டோருக்கு அரசுப் பணிகளில் பாதியை ஒதுக்கிய கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ், இத்தொழிலையும் பேணி வளர்த்தார்.

2019ஆம் ஆண்டில் இச்செருப்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இரு மாநிலங்களிலும் நான்கு நான்காக எட்டு மாவட்டங்களில் முறைப்படி செய்வதற்கே அப்பெயர் உரியது. பெயரைப் பொய்யாக இட்டு விற்போருக்கு ஆறு திங்கள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதினாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு.

ஆயினும் 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் நகரில் அதே சாயலுடைய செருப்புகளைக் காட்சிக்கு வைத்தது. கோலாப்பூரின் பெயரைச் சொல்லவில்லை. கண்டனம் எழுந்த பின்னரே, இந்தியக் கைவினை மரபிலிருந்து அவ்வடிவம் பிறந்ததென ஒப்புக்கொண்டது. வேறு சிலர் தொடுத்த பொதுநல வழக்கைப் பம்பாய் உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது. பதிவு பெற்ற உரிமையாளரே வரவேண்டும் என்றது. அவ்வுரிமையாளர்களோ இரு மாநிலங்களின் தோல்தொழில் வளர்ச்சிக் கழகங்கள். 2025 டிசம்பரில் அக்கழகங்களோடுதான் அந்நிறுவனம் உடன்படிக்கை செய்து, 2,000 இணை செருப்புகளை அவ்விரு மாநிலங்களிலேயே செய்விப்பதாக அறிவித்தது. ஏட்டில் பெயருடையவரிடமே உலகம் பேச வருகிறது!

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடங்கள் மூன்று.

முதலாவது, சங்கமாய்க் கூடிப் பதிவு செய்தல். புவிசார் குறியீட்டுப் பதிவகம் நம் சென்னை மாநகரிலேயே உள்ளது. பதிவு பத்தாண்டு நிற்கும், புதுப்பிக்கலாம், பிறருக்கு விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. செய்பவர் ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' எனத் தம் பெயரைத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். அவருக்கும் வழக்காடும் உரிமை உண்டு.

இரண்டாவது, குறியீடு பெயரைத்தான் காக்கும், வடிவத்தைக் காக்காது. புதிதாய் ஒரு வடிவம் கண்டவர், அதனைக் கடையில் வைக்குமுன் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிய வேண்டும். பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் காவல் உண்டு. ஊரறிந்த பின் பதிய முடியாது.

மூன்றாவது, சான்று. செய்த நாள், விற்ற விலை, வாங்கியவர் பெயர் ஆகியவற்றை ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். போலி கண்டால் அதனையே விலை கொடுத்து வாங்கி, ரசீதுடன் முறையிட வேண்டும்.

நாம் பணியாற்றிய ஊரில் ஒரு மாணவனின் தந்தை புதுவகை வார்ப் பின்னல் ஒன்று கண்டார். வணிகர் ஒருவர் நான்கு இணை வாங்கிச் சென்றார். மூன்றே திங்களில் அதே பின்னல் இயந்திரத்தில் வந்தது. "சார், இது என்னுது, இதுக்கு ஒரு மனு எழுதித் தாங்க" என்று அவர் நம்மிடம் வந்தார். நாளிட்ட ஒரு துண்டுத் தாளும் அவரிடம் இல்லை. நமக்கோ இச்சட்டம் அன்று தெரியாது. பட்டங்கள் இரண்டு பெற்றிருந்தும் அவரை வெறுங்கையோடு அனுப்பினோம். அந்த முகம் இன்றும் நம்மை விட்டு அகலவில்லை.

தந்தையின் தொழிலையே மகன் செய்க என்று நாம் சொல்லவில்லை. அவ்விலங்கை ஒடிக்கவே இச்சங்கம் பிறந்தது. மருத்துவராகுங்கள், பொறியாளராகுங்கள். ஆயின் விடுமுறையில் ஒருநாள் தந்தையருகில் அமர்ந்து, அவர் கையறிந்ததை நாளிட்டு எழுதுங்கள். கற்ற பிள்ளை வீட்டுக்குச் செய்யும் முதற்கடன் அதுவேயாகும்.