உலகத்துக்குக் கவலை இல்லை, ஜவ்வாது மலைக்கு?

ஜவ்வாது மலைன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காவலூர் தொலைநோக்கி, பீமன் அருவி, ஜமுனாமரத்தூர்ல வாங்கின சாமை, தேன். வார இறுதியில பைக் எடுத்துக்கிட்டுப் போயிட்டு வர்ற இடம். இன்னைக்கு அந்த மலையை வெச்சு ஒரு கேள்வி: ஒரு பகுதியில எந்த விலங்கு ஆபத்துல இருக்குன்னு எப்படி முடிவு பண்றாங்க?

ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியலைப் பார்த்தா தெரிஞ்சிடுமேன்னு நினைப்போம். அது உலக அளவிலான பட்டியல். உதாரணமா, ஒரு இனத்தின் எண்ணிக்கை பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், எது நீளமோ அந்தக் காலத்துக்குள், 30 சதவீதம் குறைந்திருந்தால் அது ‘அழிவாய்ப்பு’ நிலைக்கு வரலாம். கரடியும் சிறுத்தையும் இப்போது அந்த நிலையில்தான் இருக்கின்றன. ஜவ்வாது மலைப் பகுதியில் இரண்டுமே உண்டு. 2024 ஜூன்ல திருப்பத்தூர் ஊருக்குள்ளயே ஒரு சிறுத்தை வந்தது ஞாபகம் இருக்கா?

ஆனா உலகக் கணக்கும் உள்ளூர்க் கணக்கும் ஒண்ணு இல்ல. 2025-ல் தமிழ்நாடு அரசு நான்கு இனங்களைப் பாதுகாக்க ஒரு கோடி ரூபாய் ஒதுக்கியது. சோலைமந்தி, வரிக் கழுதைப்புலி, காவிரியில் வாழும் திமில் மஹசீர் மீன், முள்ளெலி. இந்த நாலுல முள்ளெலி மட்டும் உலகப் பட்டியலில் ‘கவலை குறைவு’ பிரிவில் இருக்கிறது. அந்தப் பட்டியலை மட்டும் நம்பியிருந்தா அதுக்கு இடமே கிடைச்சிருக்காது. இங்கே நாட்டு மருந்துக்காக அதைப் பிடிக்கிறாங்க, ரோட்டுல அடிபடுது, அது வாழும் புதர்க்காடு ‘தரிசு’ன்னு பேர் வாங்கிக் காணாம போகுது.

அப்போ உள்ளூர்ல என்ன கேட்கணும்? எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: இங்கே ஒரு விலங்கு அழிஞ்சா, பக்கத்துக் காட்டிலிருந்து திரும்ப வர வழி இருக்கா? வட்டார அளவில் மதிப்பிடுவதற்கான ஐ.யூ.சி.என். வழிகாட்டுதலே இதைக் கேட்கச் சொல்கிறது.

ஜவ்வாது மலையின் வரைபடத்தைப் பாருங்க. வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கு. அதில் ஆம்பூர், வாணியம்பாடி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை, ரயில் பாதை. தெற்கே தென்பெண்ணை, சாத்தனூர் அணை, நடுவுல வயல்கள். கிட்டத்தட்ட ஒரு தீவு. சிறுத்தை ராத்திரியோட ராத்திரியா இதைத் தாண்டலாம். மரக்கிளையை விட்டு இறங்கவே தயங்குற தேவாங்கு எப்படித் தாண்டும்?

அடுத்த சிக்கல், தேடாத விலங்கு பட்டியலில் வராது. முழங்கால் உயரத்தில் கட்டுற கேமராவில் கரடி, சிறுத்தை விழும். தேவாங்கு இருக்கான்னு பார்க்க, ராத்திரியில சிவப்பு வெளிச்சத்தோட நடந்து, கிளைகளில் மின்னும் கண்களைத் தேடணும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறைச் சரிவுகளில் வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னானும் அழிவாய்ப்பு நிலையில் இருக்கும் பறவைதான். தென்னிந்தியா தவிர வேற எங்கேயும் கிடையாது. பாறையை உடைத்துக் குவாரி ஆக்கினா அதுக்குப் போக இடம் இல்ல. கேமராவை மட்டும் நம்பினா திட்டம் முழுக்கப் பெரிய விலங்குகளுக்கே போயிடும்.

சின்ன விலங்குக்காகவும் ஒரு காட்டைக் காப்பாத்தலாம். 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது.

இந்தப் பட்டியலை சென்னையில உட்கார்ந்து போட முடியாது. தேன் எடுக்கவும் மாடு மேய்க்கவும் காட்டுக்குள்ள போற மலையாளிப் பழங்குடி மக்களுக்கு எது குறைஞ்சிருக்குன்னு தெரியும். கரடி தாக்கினா அடிபடுறதும் அவங்கதான். கணக்கெடுக்கும்போதும் சரி, முடிவெடுக்கும்போதும் சரி, அவங்க இருக்கணும்.

நாம என்ன செய்யலாம்? மலைக்குப் போறப்போ பார்த்த விலங்கு, பறவை, ரோட்டுல அடிபட்டுக் கிடக்குறது உட்பட, தேதியோட இடத்தோட ஐநேச்சுரலிஸ்ட்லயோ இ-பேர்ட்லயோ பதியுங்க. தேவாங்கு, கூடு மாதிரி விஷயங்களை இடத்தோட ரீல்ஸ்ல போடாதீங்க, பிடிக்கிறவங்களும் அதைப் பார்ப்பாங்க. இருட்டினதுக்கு அப்புறம் மலைப்பாதையில வேகத்தைக் குறைங்க. கணக்குல வர்றதுக்கு முன்னாடியே எதுவும் நம்ம டயருக்கு அடியில போயிடக் கூடாது.