தேயிலை மலையின் கருங்கல்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் பாதை வெட்டிய இடங்களையும் கான் ஓரங்களையும் உற்று நோக்கினால், வெளிறிய பாறைகளின் நடுவே கன்னங்கரிய பட்டையொன்று ஓடுவதை ஓரோரிடத்திற் காணலாம். அதில் உடைந்த துண்டு, அதேயளவான வெளிறிய கல்லினும் பாரமாயிருக்கும். இக்கரும்பட்டை எங்கிருந்து வந்தது? உயிருள்ள எரிமலை எதுவுமற்ற இலங்கையில் இவ்வினா வியப்பூட்டுவதே.

இரும்பும் மக்னீசியமும் மிகுந்து, சிலிக்கா நூற்றுக்கு 45 முதல் 52 வரையே அமைந்த பாறைகளை அறிஞர் மாபிக் பாறைகள் என்பர். பூமியின் மேலோட்டின் கீழுள்ள மூடகம் முழுவதும் உருகுவதில்லை. அதன் சிறு பகுதியே உருகி மேலெழுகின்றது. அக்குழம்பு நிலத்தின்மேல் வழிந்து உறைந்தால் பசால்ட்டு ஆகும். பிளவுகளுள் புகுந்து உறைந்தால் கற்சுவர் போல நிற்கும். சப்பிரகமுவ மலைகளிலுள்ள கரும்பட்டைகள் பலவற்றின் பிறப்பும் இத்தகையதே.

ஆயினும் அவை பிறந்த உருவில் இன்றில்லை. ஏறத்தாழ 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கண்டங்கள் மோதிக் கொண்டுவானா என்னும் பெருநிலம் உருவாகியபோது, இப்பாறைகள் 25 கிலோமீற்றருக்கும் கீழே புதையுண்டு, 800 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்தன. குழம்பு ஓடிய தடமும் குமிழித் துளையும் மறைந்தன. பழைய கனிமங்கள் அழிந்து பைரொட்சீன், கார்னெட்டு முதலியன புதிதாய்த் தோன்றின.

உருவம் அழிந்த பின் குலத்தை அறிவது எங்ஙனம்? தேயிலையைக் கொதிக்க வைத்தால் சாயம் நீரோடு போகும், சக்கை எஞ்சும். அதுபோலவே, பாறை வேகும்போது பொற்றாசியம், உரூபிடியம் போன்றவை எளிதில் இடம்பெயரும். தைத்தேனியம், சிர்க்கோனியம், நையோபியம் ஆகியன பெரிதும் அசையா. அசையாதவற்றின் விகிதங்களே பிறப்புச் சான்றிதழ். ஒரு நிலத்தட்டு மற்றொன்றின் கீழ் அமிழுமிடத்துப் பிறந்த குழம்பில் நையோபியம் குன்றியிருக்கும். ஆனால் பழைய கண்டப் பாறையைக் கரைத்துக்கொண்டு வந்த குழம்பிலும் அக்குறையே தோன்றக்கூடும். ஆதலின் ஒரு சான்றை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது.

நிறத்தை நம்பாது பகுத்தாயும் இம்முறைக்குச் சப்பிரகமுவவில் நல்ல முன்மாதிரி உண்டு. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள அளவைக்குத் தலைமை தாங்கிய ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த பாரமான கரிய கனிமமொன்றை ஆராய்ச்சிக்கு உட்படுத்தினார். தோரியம் மிகுந்த அப்புதுக் கனிமம் 1904ஆம் ஆண்டு முதல் தோரியனைட்டு எனப் பெயர் பெற்றது. பின்னாளிற் கலையாராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற அவர், முதலில் கல்லைப் படித்தவர் என்பது நினைக்கத்தக்கது.

இவ்வாராய்ச்சியால் தோட்டத்து மக்களுக்குப் பயன் என்ன என்று கேட்கலாம். பெருமழையில் கரிய கனிமங்கள் விரைவாகச் சிதையும். அவற்றின் இரும்பு துருவேறிச் செங்களியாகும். செடியை வளர்ப்பதும் அத்தகைய மண்ணே. சரிவில் ஆழமாய்த் திரண்டு, நீரை உறிஞ்சி, பாரமேறிச் சரிவதும் அத்தகைய மண்ணே. பாறையின் வகையோடு சரிவின் சாய்வும், மழையின் அளவும், நிலத்தை வெட்டிய விதமும் சேர்ந்தே ஆபத்தைத் தீர்மானிக்கின்றன. 2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர்.

சரிவுகளின் அடியில் இன்றும் லயன்கள் நிற்கின்றன. நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கிவரும் ஊற்று: இவை மலை தரும் முன்னறிவிப்புகள். இவற்றைக் கண்டவர் விடியட்டும் என்றிராது, குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு அப்போதே பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுதல் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை, தோட்டத்தின் கடைசி லயன்வரை தமிழிலும் உரிய வேளையில் சென்று சேர்தல் வேண்டும். கல்லைப் பற்றிய அறிவு ஆய்வுகூடத்தோடு நின்றுவிடாமல், அக்கல்லின்மேல் வாழ்வோரின் கைக்கு எட்டும்போதே அது முழுமை பெறும்.