எலும்பைப் படித்த பெண்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டி நிகழ்த்தப்பட்ட அறிவியல் உரையின் எழுத்துவடிவம்)



நூறு ஆண்டு என்பது ஒரு சங்கத்துக்குப் பெரிய வயது. ஆனால் உயர்தர வகுப்பில் விலங்கியல் படித்த நாங்கள் சிலர் சேர்ந்து ஆயத்தஞ் செய்த இந்த உரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளே கணக்கில் வரும். அழிந்துபோன பெரிய பாலூட்டிகளைப் பற்றியும், அவற்றின் எலும்புகளைப் பொறுக்கி எடுத்து, துடைத்து, எண்ணி, அவற்றின் கதையை நமக்குத் தந்த பெண்களைப் பற்றியும் பேச விரும்புகிறோம்.

முதலில், ஒரு பழைய எலும்பு எதைச் சொல்லும் என்று பார்ப்போம். உடலில் மிகக் கடினமான பொருள் பல்லின் மிளிரி. ஆகையால் மற்றெல்லாம் உக்கிப் போனாலும் பல் எஞ்சும். பல்லைப் பார்த்தால் அந்த விலங்கு புல் தின்றதா, இலை தின்றதா, இறைச்சி தின்றதா என்று தெரியும். யானைக்கு வாழ்நாளில் கடைவாய்ப் பற்கள் ஆறு தொகுதிகளாக, ஒன்று தேயத் தேய அதன் பின்னாலிருந்து மற்றொன்றாக வரும். ஆகவே எத்தனையாவது பல், எவ்வளவு தேய்ந்தது என்று பார்த்தால் யானையின் வயதை மதிப்பிடலாம். நீண்ட எலும்புகளின் முனைகள் குட்டிப் பருவத்தில் தனியாக இருந்து, வளர்ந்து முடிந்ததும் தண்டோடு ஒட்டிவிடும். கையில் இருக்கும் சிறிய எலும்பு ஒரு பெரிய விலங்கின் குட்டியுடையதா, முழு வளர்ச்சியடைந்த சிறிய விலங்கினுடையதா என்பதை இந்த ஒட்டுத்தான் தீர்த்துவைக்கும்.

இந்தக் கேள்வியை வாழ்க்கை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தவர் டொரோத்தியா பேற். 1878ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். முறையான பள்ளிப் படிப்பு அவருக்கு அதிகம் கிடைக்கவில்லை. 1898இல், 19 வயதில், இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலைக்கு நேரே போய், பறவைகள் பிரிவில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கு அதுவரை பெண் எவரும் அறிவியல் வேலைக்கு எடுக்கப்பட்டதில்லை. அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. எத்தனை மாதிரிகளைச் சுத்தஞ்செய்து ஆயத்தப்படுத்தினாரோ அத்தனைக்குக் கூலி. ஏறக்குறைய 50 ஆண்டுகள் இவ்வாறே வேலை செய்தார். பொறுப்பான ஒரு பதவி 1948இல் கிடைத்தபோது வயது எழுபதை நெருங்கிவிட்டது. 1951இல் காலமானார்.

1901ஆம் ஆண்டு இந்தப் பெண் தனியே சைப்பிரஸ் தீவுக்குப் போனார். பதினெட்டு மாதங்கள் தங்கி, கோவேறு கழுதையிலும் கால்நடையாகவும் கைரீனியா மலைக் குகைகளைத் தேடினார். அங்கு கிடைத்தவை பன்றியளவான நீர்யானையின் எலும்புகளும், ஒரு குள்ள யானையின் பற்களும் எலும்புகளுமாகும். அத்தீவின் கிராமத்தவர்கள் குகைகளில் கிடைத்த அவ்வெலும்புகளைப் புனிதர்களுடையவை என்று நம்பி, தூளாக்கி மருந்தாக உட்கொண்டு வந்தனர். அங்கே பக்தியோடு பார்க்கப்பட்ட எலும்பை பேற் எண்ணிக்கையோடும் அளவோடும் பார்த்தார். இவை குட்டிகள் அல்ல, குள்ளமாகிப்போன தனி இனங்கள் என்று எழுதினார்.

ஏன் குள்ளமாயின? தீவில் உணவு குறைவு. துரத்திப் பிடிக்கப் பெரிய ஊனுண்ணியும் இல்லை. பெரிய உடம்பு அங்கே காவல் அல்ல, சுமை. பல தலைமுறைகளில் சிறிய உடம்புக்காரரே தப்பிப் பெருகினர். பின்னர் பேற் மஜோர்க்கா தீவுக்குப் போய், ஆட்டினத்தைச் சேர்ந்த வேறொரு விலங்கைக் கண்டுபிடித்து 1909இல் பெயரிட்டார். அதன் கீழ்த்தாடை முன்பற்கள் எலியின் பற்களைப்போல வாழ்நாள் முழுவதும் வளர்பவை. எதிரியே இல்லாத தீவில் பல்லாயிரம் ஆண்டுகள் பிழைத்த அந்த விலங்கு, மனிதர் அங்கு வந்து சேர்ந்த பின்னர் இல்லாமற் போயிற்று. பெரிய நிலப்பரப்பில் ஓரிடத்தில் அழியும் விலங்குக்கு ஓடிப்போக வேறிடம் உண்டு. தீவில் அது கிடையாது.

1930களில் பேற் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து வேலை செய்தார். பலஸ்தீனத்தின் கார்மேல் மலைக் குகைகளை அகழ்ந்தவர் டொரத்தி கரொட். அவர் 1939இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆசனம் பெற்ற முதற் பெண். குகையின் ஒவ்வொரு படையிலும் கிடைத்த விலங்கெலும்புகளை பேற் இனம்பிரித்து எண்ணினார். காடு விரும்பும் மான் எத்தனை, வறண்ட வெளியை விரும்பும் நவ்விமான் எத்தனை என்று படைக்குப் படை ஒப்பிட்டு, எக்காலம் ஈரமானது, எக்காலம் வறண்டது என்று வரைபடம் போட்டார். 1937இல் இருவரும் சேர்ந்து நூல் வெளியிட்டனர். அழிந்த விலங்கு எது என்று மட்டுமன்றி, அது வாழ்ந்த காலநிலை எது என்றும் எலும்பைக் கேட்கலாம் என்பதற்கு அது ஓர் ஆரம்ப உதாரணம்.

அந்த அகழ்வில் மண்ணைக் கிளறி எலும்பு பொறுக்கியவர்களில் பெரும்பாலோர் அயற்கிராமங்களின் அரபுப் பெண்கள். அவர்களில் ஒருவர் யுஸ்ரா. 1932இல், மண்ணோடு மண்ணாகக் கிடந்த ஒரேயொரு பல்லை அவருடைய கண் பிடித்தது. அப்பல்லின் வழியே போனபோதுதான் நியாண்டர்தால் மனிதப் பெண்ணொருத்தியின் மண்டையோடு வெளிவந்தது. யுஸ்ராவுக்குக் கேம்பிரிட்ஜில் படிக்கவேண்டும் என்ற கனவு இருந்ததாக, அவரோடு வேலை செய்த ஆங்கிலேயப் பெண்ணொருவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அக்கனவு நிறைவேறவில்லை. 1948இல் அக்கிராமத்தவர்கள் இடம்பெயர்ந்தனர். அதன் பின் யுஸ்ராவின் பெயர் எங்கும் இல்லை. இடம்பெயர்வு என்றால் என்னவென்று எமது சங்கத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. பல்லைக் கண்டுகொள்ளும் கண் யுஸ்ராவிடம் இருந்தது, பாடசாலைதான் இருக்கவில்லை. எமக்கு அது இருந்தது.

இப்போது எமது தீவுக்கு வருவோம். இரத்தினபுரியில் மாணிக்கக்கல் அகழ்பவர்கள் குழி வெட்டி, நீரை இறைத்து, 'இல்லம' எனப்படும் சரளைப் படையை எடுத்துக் கூடையில் அரிப்பார்கள். கல்லைத் தேடும் அக்கூடையில் சில வேளை பல்லும் வரும். அங்கே நீர்யானையும் காண்டாமிருகமும் வாழ்ந்திருக்கின்றன. கவுர் இனமும் இருந்தது. சிங்கமும் வரிப்புலியும் இருந்தன. இவற்றில் பலவற்றைத் தேடிச் சேகரித்து உலகுக்கு அறிவித்தவர், 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. இ. பி. தெரணியகல. எமது நீர்யானைக்கு முன்வெட்டும் பற்கள் ஆறு. இன்று ஆபிரிக்காவில் வாழும் பெரிய நீர்யானைக்கு நான்கு. பல்லின் எண்ணிக்கையே வேறுபாட்டைச் சொல்லிவிட்டது. சிங்கத்துக்கு அவர் 1939இல் பெயரிட்டது முழு எலும்புக்கூட்டைக் கண்டு அல்ல, பற்களைக் கண்டுதான். அப்பற்கள் கவனமாகப் பேணப்பட்டதால், ஏறக்குறைய 65 ஆண்டுகளின் பின் வேறு ஆய்வாளர்கள் அவற்றை மறுபடி எடுத்துப் பரிசோதிக்க முடிந்தது.

இந்த விலங்குகள் எப்படி வந்தன? பனிக்காலத்தில் கடல்மட்டம் இன்றையதைவிட 100 மீற்றருக்கும் அதிகமாகத் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையோ ஆழங்குறைந்தது. இன்று எமது வடகரையில் வள்ளம் ஓடும் இடம் அன்று நடந்து வரக்கூடிய நிலம். பின்பு கடல் ஏறியது. உள்ளே வந்தவை தீவில் அகப்பட்டன. யானை தப்பிக்கொண்டது. சிறுத்தை தப்பிக்கொண்டது. மற்றவை இல்லை.

ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். ஆறு, காலங்களைக் கலந்துவிடும். வெவ்வேறு காலத்து எலும்புகளை ஒரே சரளையில் கொண்டுவந்து சேர்த்துவிடும். எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், எந்தப் படை, பக்கத்தில் வேறென்ன கிடந்தது என்று அந்த இடத்திலேயே குறித்தால்தான் எலும்பு பேசும். குறிப்பில்லாத பல் காட்சிப் பொருள் மட்டுமே. கல்லில்தான் காசு, எலும்பில் இல்லை. ஆதலால் குழி மூடப்படும்போது எலும்பு மீண்டும் மண்ணுக்குள் போய்விடும். அதைத் தடுக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. பார்க்கத் தெரிந்த ஒருவர், ஒரு கொப்பி, ஒரு பென்சில் போதும். பேற் ஆரம்பித்ததும் ஏறக்குறைய அவ்வளவோடுதான்.

ஆகவே இந்த நூற்றாண்டில் எமது சங்கத்திடம் சிறிய வேண்டுகோள் ஒன்று. இலண்டனில் இருக்கும் தோழியர், பேற் கொண்டுவந்த எலும்புகள் பேணப்படும் நூதனசாலைக்கு உங்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூலிக்கு வேலை செய்த அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் நாங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளை இரத்தினபுரி நூதனசாலைக்கு ஆண்டுதோறும் அழைத்துச் செல்ல ஒழுங்கு செய்வோம். பேருந்துச் செலவை எங்களில் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டால் போதும். போகும் பிள்ளைகளில் ஒருத்தி அந்தப் பல்லின் முன் நின்று, "இது குட்டியுடையதா, வளர்ந்ததினுடையதா?" என்று கேட்டால், எமது வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.