பச்சிளங் குழந்தைக்கு எவ்வளவு பால்?



பொருளாதாரம் பயின்ற ஒருவன் குழந்தையின் உணவைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். தேவை எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, பற்றாக்குறையை எதனால் ஈடுசெய்வது என்பவையே பொருளாதாரத்தின் அடிப்படைக் கேள்விகள். 'என் பால் பிள்ளைக்குப் போதுமா?' என்று ஒரு தாய் கேட்பதும் இவ்வகைக் கேள்வியே. இதற்குத் தவறான விடை கிடைத்தால் அதன் விலையைக் குழந்தை கொடுக்க நேரிடுகிறது.

இந்நகருக்கு இப்பொருளில் நெடிய தொடர்புண்டு. 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 இடங்களில் சோதனை முறையில் தொடங்கப்பெற்றபோது, அவற்றுள் ஒன்றாகத் தாராவியும் அமைந்தது. அங்கன்வாடியின் தராசு அன்றிலிருந்து இங்கு அறிமுகமான பொருள். அத்தராசு என்ன கூறுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுதலே நம் பணி.

என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். நாங்கள் மாதுங்காவில் ஓரறைக் குடியிருப்பில் வாழ்ந்தபோது எங்கள் மூத்த மகள் பிறந்தாள். மூன்றாம் நாள் எடை சற்றுக் குறைந்திருந்தது. பால் பற்றவில்லை என்றார் என் மாமியார். அன்று மாலையே நான் பால்மாவு டப்பாவுடன் வந்து நின்றேன். பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் எடை ஓரளவு குறைவதும், 10 முதல் 14 நாட்களுக்குள் பிறப்பு எடையை மீண்டும் எட்டுவதும் இயல்பு என்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. குறைவு பத்து விழுக்காட்டை நெருங்கினால்தான் மருத்துவரிடம் விரைய வேண்டும். மாவுப்பாலால் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் குறைவாகவே சப்பியது. அதனால் சுரப்பும் குறைந்தது. ஒரு மாதத்தில் 'பற்றவில்லை' என்ற சொல் உண்மையாகிவிட்டது. இல்லாத பற்றாக்குறையை நாங்களே உண்டாக்கினோம்.

சந்தையில் எடுக்க எடுக்கக் கையிருப்பு குறையும். தாய்ப்பாலோ குழந்தை குடிக்கக் குடிக்கச் சுரக்கும். ஆகவே அதனை மில்லிலிட்டரில் அளக்க வேண்டுவதில்லை. தொடக்க மாதங்களில் இரவு பகலாக 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, குழந்தை கேட்கும்போதெல்லாம் பால் கொடுத்தல் வேண்டும். முதல் வாரம் கடந்தபின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிப்பது பால் போதிய அளவு கிடைப்பதற்கு ஓர் அடையாளம். முதல் மூன்று மாதங்களில் எடை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் கூடும். 3 கிலோவாகப் பிறந்த குழந்தை ஐந்தாறு மாதங்களில் 6 கிலோவையும், ஓராண்டில் 9 கிலோவையும் ஒட்டி நிற்கும். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும்; தண்ணீரும் தேவையில்லை. அதன்பின் தாய்ப்பாலுடன் குழைத்த திட உணவும் தொடங்குதல் வேண்டும்.

இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலே இன்று நம் அட்டைகளில் உள்ளது. அதில் ஒரு மாதத்துப் புள்ளியைக் காட்டிலும் புள்ளிகளை இணைக்கும் கோடே முக்கியமானது. சிறிய உருவுடன் பிறந்தும் கோடு சீராக ஏறும் குழந்தை நலமாக வளர்கிறது. கொழுகொழுவென்று தோன்றினும் கோடு படுத்துவிட்ட குழந்தையை உடனே கவனிக்க வேண்டும். அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதை விட்டு, அக்குழந்தையின் சென்ற மாத எடையோடு ஒப்பிடுக.

தாய்ப்பால் அறவே கிடைக்காத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு முதல் மாதங்களில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் என்பது பொதுவான கணக்கு. 4 கிலோ குழந்தைக்கு 600 மில்லிலிட்டர். இதனை மருத்துவரின் அறிவுரைப்படியே கொடுத்தல் வேண்டும். வறுமை இங்கே குறுக்கிடுகிறது. ஒரு வாரத்து டப்பாவை இரு வாரத்திற்கு நீட்ட முனையும் குடும்பம் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறது. புட்டி நிறைந்திருக்கும், குழந்தையின் எடை மட்டும் ஏறாது. தண்ணீர் தூயதன்றெனில் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். மாற்றுப் பாலுணவுகளையும் பால்புட்டிகளையும் விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 2003இல் அது மேலும் இறுக்கப்பட்டது. ஆயினும் தாயின் அச்சத்தைச் சட்டத்தால் மட்டும் போக்கிவிட இயலாது.

தாராவியை அடுத்த சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். குறைப்பிரசவக் குழந்தைகளுக்குப் பிற தாய்மார் தம் மிகுதிப் பாலை வழங்கினர். எளிய குடும்பத்துப் பெண்ணிடமும் தன் குழந்தைக்குப் போக மிஞ்சும் செல்வம் இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப்படியாயின் உண்மையான பற்றாக்குறை எங்கே? பல வீடுகளில் அது தாயின் நேரத்தில் இருக்கிறது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரு குழந்தைகளுக்கு ஊதிய விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. நிறுவனங்களில் பணிபுரிவோரே அதன் பயனை அடைந்தனர். தாராவியில் விடியுமுன் இட்லி அவிப்பவளுக்கும், உருப்படிக் கூலிக்குத் துணி தைப்பவளுக்கும் விடுப்பளிப்பவர் எவர்? அவள் பால் கொடுக்கும் நேரத்திற்கு நாட்டு வருமானக் கணக்கில் இடமில்லை. அவள் வாங்கும் டப்பாவிற்கு இடமுண்டு.

அலுவலர்களாகிய உங்களுக்கும், நாளை அலுவலர்களாகப் போகும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பதிவேட்டில் 'எடை குறைவு' என்றெழுதி அடுத்த பெயருக்குச் சென்றுவிடாதீர்கள். அந்தத் தாய் எத்தனை மணிக்கு வேலைக்குச் செல்கிறாள், குழந்தை யார் கையில் இருக்கிறது, நேற்று எத்தனை முறை பால் கொடுத்தாள் என்று கேளுங்கள். பிறகு கோட்டை அவளுக்குக் காட்டி, 'உன் பால் போதும், அம்மா' என்று சொல்லக்கூடுமாயின் அதையும் சொல்லுங்கள். எங்களுக்கு அன்று அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.