திருச்சிக்கும் பலாலிக்கும் எவ்வளவு தூரம்?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



முதலில் ஒரு கணக்கு. திருச்சி விமான நிலையத்திலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டர். அதே திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் எவ்வளவு? அதுவும் ஏறக்குறைய 185 கிலோமீட்டர்தான்! மேற்கே போனால் கோவை, தென்கிழக்கே போனால் என் ஊர்.

1976இல் நான் இங்கே சேர்ந்தபோது ஹாஸ்டலில் எனக்குப் பெயரே 'சிலோன்'தான். பக்கத்து அறையில் ஒரு கோவைக்காரன். லீவு விட்டால் ரெண்டு பேரும் ஒன்றாகப் பெட்டி கட்டுவோம். அவன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பான். நானோ ராமேஸ்வரம் வரை ரயில், பிறகு தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில், மதவாச்சியில் மாற்றம் என்று போய், வீட்டுப் படலையைத் திறக்கும்போது மூன்றாம் நாள் ஆகிவிடும். "என்னடா, லண்டனுக்கா போறே?" என்று கேலி செய்வான்.

பிறகு போர் வந்தது. கப்பலும் நின்றது. நான் திருச்சியிலேயே தங்கிவிட்டேன். அம்மா ஊரை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார்.

2017இல் ஒரு மாலை தங்கச்சி போன் செய்தாள். அம்மா போய்விட்டார். அப்போது பலாலிக்கு இங்கிருந்து விமானம் கிடையாது. மறுநாள் காலை கொழும்புக்குப் பறந்தேன். ஒரு மணி நேரத்தில் இறங்கியாயிற்று. அங்கிருந்து வடக்கே யாழ்ப்பாணம் சாலை வழியே கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். வந்த வழியையே தரையில் திரும்பிப் போவது மாதிரி! அனுராதபுரம் தாண்டும்போது தங்கச்சி மறுபடி கூப்பிட்டாள்: "அண்ணா, இனி வைச்சிருக்கேலாது." நான் போய்ச் சேர்ந்தபோது இரவு. சுடலையில் சாம்பல் சூடாக இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வான்வழி புதிதல்ல. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் சேவையை இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகத்தான் சென்னைக்கு நடத்தியது. நீண்ட இடைவெளிக்குப் பின் 2019 நவம்பரில் சென்னை - பலாலி சேவை வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது. 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2025 மார்ச் 30 அன்று திருச்சியிலிருந்தே பலாலிக்கு விமானம் கிளம்பியது.

அந்த ஆண்டு நானும் போனேன். ஏ.டி.ஆர். வகைச் சிறிய விமானம். மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகம் என்றால் 185 கிலோமீட்டருக்கு 22 நிமிஷம் போதும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு வளைந்து வருவது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் என்று அட்டவணை போடுகிறார்கள். இதுபோக பாஸ்போர்ட், சுங்கம். எப்படியும் அரை நாள்தான். காலையில் இங்கே இட்லி சாப்பிட்டவன், மாலை தேநீருக்குத் தங்கச்சி வீட்டில் இருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "இவ்வளவு கிட்டவா அண்ணா இருந்தனீங்கள்?"

எனக்குப் பதில் வரவில்லை.

மாணவ மணிகளே, தூரம் மாறவே இல்லை. 1947லும் 185, 2017லும் 185. மாறியதெல்லாம் வழிதான். வழி திறக்கும், மூடும். அது நம் கையில் இல்லை. உங்களில் பலருக்கு வீடு நாலு மணி நேரப் பஸ் பயணம்தான். வழி திறந்தே இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை ஒருமுறை போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.